பீக்கரை யார் கழுவுவது?

சிங்க்கில் ஐந்து பீக்கர்கள் கிடந்தன. காலையில் குடித்த காபி டம்ளர்களுக்கும் தோசைத் தட்டுகளுக்கும் நடுவில், அடியில் நீலம் ஒட்டியபடி. பெசன்ட் நகரில் ஒரு அடுக்குமாடி வீட்டின் சமையலறை அது. மயில்துத்தத்தைச் சுடுநீரில் கரைத்து, நூலில் படிகம் வளர்க்கும் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. பிள்ளைகள் விளையாடக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"கழுவிட்டுப் போங்கப்பா" என்றேன்.

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். "அக்கா வருவாங்க அண்ணா."

அவன் குரலில் திமிர் எதுவும் இல்லை. சொல்லப்போனால் எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தான். பீக்கர் கழுவும் கவலை எனக்கு வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டபின் மூன்று மாதமாக நான் யோசித்துக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவன். குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஆய்வு உதவித்தொகை பல மாதங்களாக வராமல் இருந்தபோது நண்பர் ஒருவர் சொன்ன வேலை இது. பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் ஐந்து பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தோறும் அடிப்படை வேதியியல் எடுக்க வேண்டும். வயது பதினொன்றிலிருந்து பதினான்குவரை. பதினான்கு வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். அதுவரை தேர்வு, மதிப்பெண், மணியோசை எதுவும் கிடையாது. வரலாறும் கணக்கும் பெற்றோரே சொல்லிக்கொடுக்கிறார்கள். வேதியியலுக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் தேவைப்பட்டது.

அந்தப் பெற்றோரை நான் கேலி செய்யப்போவதில்லை. மென்பொருள் வேலை பார்ப்பவர்கள், ஒரு கட்டடக் கலைஞர், வங்கி வேலையை விட்டவர் ஒருவர். நிறைய வாசிப்பவர்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டால் அடி, அவமானம், மனப்பாடம், மதிப்பெண் வெறி என்று சொல்வார்கள். ஒவ்வொன்றையும் நான் ஒப்புக்கொள்கிறேன், அவற்றை எல்லாம் நானும் அனுபவித்திருக்கிறேன். பிள்ளைகளோ தங்கம். கேள்வி கேட்கப் பயப்படாத பிள்ளைகளை ஒரு வகுப்பறையில் மொத்தமாகப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் முறை. சங்குப்பூச் சாறு எலுமிச்சையில் ஏன் சிவக்கிறது, சலவைச் சோடாவில் ஏன் பச்சையாகிறது என்று அரைமணி நேரம் என்னை விடாமல் குடைந்தார்கள். என் பள்ளியிலும் ஆய்வகம் ஒன்று இருந்தது. அதன் சாவி தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம்தான் அந்தக் கதவு திறந்து பார்த்தேன்.

என்னை உறுத்தியது 'வீட்டுக்கல்வி' என்ற சொல். அவர்கள் அதை விடுதலை என்ற பொருளில் சொல்கிறார்கள். என் தாத்தாவுக்கு அதற்கு வேறு பொருள்.

1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் பிள்ளைகள் வீட்டிலிருந்து பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். தமிழ்நாடு அதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயரில்தான் நினைவில் வைத்திருக்கிறது. செய்யாறு பக்கம் ஒரு சேரியில் அப்போது ஒன்பது வயதுப் பையனாக இருந்த என் தாத்தா அதைச் சுருக்கமாகச் சொல்வார்: "காலையில அ, ஆ. மத்தியானம் பண்ணையார் வூட்டு மாடு." பெரியாரும் திராவிட இயக்கமும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. தாத்தா மாட்டோடு நின்றுபோனார். ஆனால் என் அம்மாவை எட்டாம் வகுப்புவரை அனுப்பினார். அம்மா என்னை இதுவரை அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

ஆக, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நடந்த ஒரே போராட்டம், பிள்ளையை வீட்டிலிருந்து பள்ளிக்கு அனுப்புவதுதான். பெசன்ட் நகர் வீட்டிலோ பிள்ளையைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவருவது போராட்டம். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போவதில்லை என்றாலும் பெயர் வேறு. அங்கே 'ஹோம்ஸ்கூலர்', எங்கள் தெருவில் 'இடைநின்ற மாணவர்'. முதலாமவரைப் பற்றிக் கட்டுரை வரும். இரண்டாமவரைத் தேடிக் கணக்கெடுப்புப் படிவத்தோடு ஆசிரியர் வருவார்.

சரி, பீக்கருக்கு வருவோம்.

அன்று அந்தப் பீக்கர்களை நானே கழுவினேன். மயில்துத்தம் சும்மா நீல உப்பு இல்லை. வயிற்றுக்குள் போனால் நஞ்சு, கண்ணில் பட்டால் எரிச்சல். சாப்பிடும் பாத்திரங்களோடு அதை ஒரே சிங்க்கில் போட விட்டது ஆசிரியராக என் தவறு. ஆனால் கழுவும்போது என் நினைவு அம்மாவிடம் போய்விட்டது.

அம்மா ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருந்தார். நான் பள்ளியில் படித்த காலம் முழுக்க மாலையில் இருமிக்கொண்டே வீட்டுக்கு வருவார். கண் சிவந்திருக்கும். "ஆசிட் வாடை" என்பார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, குளோரின் வாயுவைத் தயாரிக்கும் முறைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். பிளீச்சிங் பவுடருடன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் குளோரின் வெளிவரும் என்று ஒற்றை வரி இருந்தது. அந்த வரியில் நின்றுவிட்டேன். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். 1915 ஏப்ரலில் ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மானியப் படை எதிரிகள்மீது திறந்துவிட்டது இதே குளோரின். என் அம்மா கதவு சாத்திய கழிவறைக்குள் தினமும் அதைத் தன் கையாலேயே உண்டாக்கி மூச்சிழுத்துக்கொண்டிருந்தார்.

விடுதி வராந்தாவிலிருந்து போன் செய்தேன். "ஏம்மா, ஆசிட்டையும் பவுடரையும் ஒண்ணா ஊத்துவியா?"

"ஆமா. அப்படி ஊத்துனாத்தான் நல்லா வெளுக்கும்னு சூப்பர்வைசர் சொல்லுவாரு. ஏன்?"

இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய வேதியியல் அது. அத்தனை வருடத்தில் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வேதியியல் தெரிந்தவர்கள் கழிவறையைக் கழுவுவதில்லை. கழிவறையைக் கழுவுகிறவர்களுக்கு வேதியியல் தேவை என்று யாரும் நினைப்பதில்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் நாம் சாதி என்கிறோம்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. நவீன இந்திய வேதியியலின் முன்னோடி பிரஃபுல்ல சந்திர ராய் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியது. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவர் 'இந்து வேதியியல் வரலாறு' என்ற நூலை 1902இலும் 1909இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். பழம்பெருமை பேசுகிறவர்கள் அந்த நூலின் தலைப்பை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். உள்ளே அவர் கேட்ட கேள்வி வேறு: உலோகமும் சாயமும் மருந்தும் இவ்வளவு அறிந்திருந்த நாட்டில் அறிவியல் மனப்பான்மை ஏன் செத்தது? சாதி இறுகியதுதான் காரணம் என்றார். கைத்தொழில்கள் எல்லாம் கீழே தள்ளப்பட்ட சாதிகளிடம் விடப்பட்டன, படித்த வர்க்கம் கையை அழுக்காக்கிக்கொள்ள மறுத்தது, பிணத்தைத் தொடுவது தீட்டு என்று ஆனதும் உடற்கூறு ஆய்வும் அறுவை மருத்துவமும் அழிந்தன. தோலைப் பதப்படுத்தியவரிடமும் உவர்மண்ணில் துணி வெளுத்தவரிடமும் வேதியியல் இருந்தது, ஏடு இல்லை. ஏடு வைத்திருந்தவருக்குச் செய்முறை தெரியாது.

அடுத்த சனிக்கிழமை பாடத்தை மாற்றினேன். தலைப்பு: கழுவுதல்.

முதலில் ஒரு விதி. உலகத்தில் எந்த ஆய்வகமானாலும் உன் கண்ணாடியை நீதான் கழுவ வேண்டும். அதில் என்ன இருந்தது என்று உனக்குத்தான் தெரியும், அடுத்தவருக்குத் தெரியாது. பால்கனிக் குழாயடியில் வேதிப்பொருள் பாத்திரங்களுக்கென்று தனியாக ஒரு பக்கெட் வைத்தோம். கழிவுக் கரைசலுக்கு மூடியுள்ள பாட்டில்.

பிறகு ஒரு கணக்கு. பீக்கரைக் கவிழ்த்த பிறகும் ஒரு மில்லி கரைசல் உள்ளே ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழுவ நம்மிடம் 30 மில்லி தண்ணீர்தான் இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றி அலசிக் கொட்டினால், ஒட்டியிருந்த உப்பில் 31இல் ஒரு பங்கு மிஞ்சும். அதே 30 மில்லியைப் பத்துப் பத்தாக மூன்று தடவை ஊற்றினால்? ஒவ்வொரு தடவையும் 11இல் ஒரு பங்காகக் குறையும். பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கி, மறுபடியும் பதினொன்றால் பெருக்கு. 1331இல் ஒரு பங்குதான் மிச்சம். தண்ணீர் அதே 30 மில்லி, சுத்தம் நாற்பது மடங்குக்கும் மேல். பிள்ளைகள் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார்கள்.

அந்த நேரத்தில் அக்கா வந்தார். கண்ணகி நகரிலிருந்து பேருந்து பிடித்து நாலு வீடு பார்ப்பவர். சிங்க்கில் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினார். ஒரு பெண்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்துவிடாமல், சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தடவை அலசினார்.

"அக்கா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"மூணு தடவை."

அக்கா சிரித்தார். "ஒரேயடியா ஊத்துனா தண்ணிதான் பாப்பா தீரும், சோப்பு போவாது. நீ ஒரு நாளு குடத்துல தண்ணி தூக்கி மாடி ஏறிப் பாரு. தானா தெரியும்."

வேதியியல் மாணவன் பல்கலைக்கழகத்தில் கற்கும் ஒரு கொள்கை, குடத்துக் கணக்கில் அவர் கையில் இருந்தது. பிள்ளைகள் அன்று அவரை அதிசயமாகப் பார்த்தார்கள். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இந்த இடத்தில் நாம் வழுக்கி விழக்கூடாது. 'அக்காதான் உண்மையான விஞ்ஞானி' என்று சொல்லிக் கைதட்டிவிட்டுச் சம்பளத்தையும் சிங்க்கையும் அப்படியே விட்டுவிடுவது இன்னொரு ஏமாற்று. உழைப்பவர் அறிவைப் புகழ்வதே பரிகாரமாகிவிட்டால், குலக்கல்வித் திட்டத்துக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவர்களும் 'பரம்பரைத் தொழிலில் அறிவு இருக்கிறது' என்றுதானே சொன்னார்கள்? அந்த அக்காவின் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குத் தேவை அம்மாவின் கிண்ணத்துக்குக் கிடைக்கும் பாராட்டு இல்லை, திறந்திருக்கும் ஓர் ஆய்வகம்.

அன்று மாலை ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. மரியாதையான செய்திதான். "சார், குழந்தைகள் வேதியியலில் இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்று விரும்புகிறோம். பாத்திரம் கழுவுவது போன்றவற்றில் நேரம் போவதாகத் தோன்றுகிறது. அதற்கு வீட்டில் ஆள் இருக்கிறார்கள்." ஆய்வகத்தில் ஆளில்லை என்று பதில் எழுதினேன். அடுத்த வாரம் நான்கு பிள்ளைகள்தான் வந்தார்கள். என் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போனது. அந்தப் பையனின் கேள்விகள் இல்லாத வகுப்பு சப்பென்று இருந்ததுதான் அதைவிட வருத்தம்.

வீட்டுக்கல்வியில் வீடே பள்ளியாகிறது. அப்படியானால் அந்த வீடு என்ன கற்றுக்கொடுக்கிறது என்று கேட்க வேண்டும். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே சொல்லிவிட்டார். இந்திய வீடு என்பது பெரும்பாலும் ஒரே சாதிக்காரர்கள் வாழும் இடம். வேறு சாதிக்காரர் உள்ளே வருவது பெரும்பாலும் கழுவத்தான், கூட்டத்தான், குப்பை எடுக்கத்தான். அந்த வீட்டில் யாரும் சாதி பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். யார் எந்த டம்ளரில் குடிக்கிறார், எதை யார் தொடுகிறார், எது யார் வேலை என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே வளர்கிறது. 'அக்கா வருவாங்க' என்பது அந்தப் பாடத்திட்டத்தின் முதல் பாடம். அதை எழுதியவரும் இல்லை, நடத்தியவரும் இல்லை, ஆனால் எல்லோரும் தேறிவிடுகிறார்கள்.

'பள்ளிக்கூடம் மட்டும் ஒழுங்கா?' என்று நீங்கள் கேட்பீர்கள். ஒழுங்கில்லைதான். பள்ளிக்கூடம்தான் அம்பேத்கரைத் தனியாகக் கோணிமேல் உட்கார வைத்தது, பியூன் வராத நாளில் தாகத்தோடு வீட்டுக்கு அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதி அடையாளக் கயிறுகளையும் பொட்டுகளையும் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைக்கும் நிலை இருந்தது. 'என் பிள்ளையை அங்கே அனுப்பப் பயமாக இருக்கிறது' என்று ஒரு தலித் தாய் சொன்னால் அவரிடம் வாதாட எனக்கு வாயில்லை.

ஆனால் அந்தத் தாய்க்கு வீட்டுக்கல்வி என்ற தேர்வு கிடையாது. காலை ஆறு மணிக்கு அவர் வேறு யார் வீட்டுக்கோ பாத்திரம் கழுவக் கிளம்ப வேண்டும். அதனால்தான் நம் மக்கள் பள்ளியை விட்டு வெளியேறாமல் பள்ளியை மாற்றப் போராடினார்கள். நான் சனிக்கிழமை இறங்கும் பேருந்து நிறுத்தத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆல்காட் பள்ளி இருக்கிறது. 1894இல் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்காகக் கர்னல் ஆல்காட் அடையாறு பகுதியில் தொடங்கிய இலவசப் பள்ளியின் தொடர்ச்சி அது. அவரைச் சந்தித்துப் பேசியவர்களில் அயோத்திதாசப் பண்டிதர் முக்கியமானவர். நம் முன்னோர் கேட்டுப் பெற்ற பள்ளியைத் தாண்டித்தான், பள்ளி வேண்டாம் என்ற வீட்டுக்கு வேதியியல் சொல்லித்தர நான் போகிறேன். பள்ளி எவ்வளவு மோசமானாலும் அங்கே பக்கத்து இருக்கையில் வேறொரு தெருப் பிள்ளை வந்து உட்கார ஒரு வாய்ப்பாவது உண்டு. சண்டையோ நட்போ, சமமாக ஆரம்பிக்க ஓர் இடம் உண்டு. வீட்டில் அந்த இருக்கையே கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். நான் ஆய்வு செய்யும் ஆய்வகத்தில் உதவியாளர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். எங்கள் சனம். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் ஆண்டு முழுக்க என் குடுவைகளைச் சிங்க்கில் போட்டுவிட்டுப் போய்விடுவேன், அவர் கழுவுவார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நானும் எல்லோரையும்போல் ஆகிவிட்டதில் உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அம்மாவின் நுரையீரலைப் பற்றி அறிந்த பிறகு நடந்தது இது. படிப்பு தானாக யாரையும் சாதியிலிருந்து விடுவித்துவிடாது. அது சிங்க்கின் எந்தப் பக்கம் நிற்பது என்பதை மாற்றிவிட்டுச் சும்மா இருந்துவிடக்கூடும்.

அதனால் இதை வாசிக்கும் தோழர்களிடம், குறிப்பாக ஆய்வகங்களில் இருப்பவர்களிடம், ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் குடுவையை நீங்களே கழுவுங்கள். உங்கள் கட்டடத்தின் கழிவறையைச் சுத்தம் செய்பவரிடம் போய், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றக்கூடாது, ஊற்றினால் என்ன வரும், வந்தால் உடனே வெளியே போய்விட வேண்டும் என்று சொல்லுங்கள். அவரைச் சொல்ல வைத்த சூப்பர்வைசரிடமும் சொல்லுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். எங்கள் வீட்டில் அந்த இரண்டு நிமிடம் பல ஆண்டு தாமதமாக வந்தது.

போன சனிக்கிழமை பாடம் முடிந்ததும் நான்கு பிள்ளைகளும் பால்கனிக்குப் போனார்கள். பத்துப் பத்து மில்லியாக அளந்து, மூன்று தடவை அலசி, பீக்கர்களைத் துணிமேல் கவிழ்த்து வைத்தார்கள். ஒன்றில்கூட நீலம் இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு சமையலறை வழியாக வெளியே வந்தேன்.

சிங்க்கில் காபி டம்ளர்கள் அப்படியேதான் கிடந்தன.